என் குரலில் உடைந்த அணைக்கட்டு

வானொலி அறிவிப்பாளர் என்றால் கதைக்கிற வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் எங்களுக்குச் சம்பளம் தருவது, ஒரு கணம்கூட அமைதி வந்துவிடாமல் காவல் இருப்பதற்கு.

நீங்கள் வங்கியில் இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம், பார்மசியில் மருந்து கொடுக்கலாம். உங்கள் மேசைக்கும் ஒரு நாள் யாராவது மடிக்கணினியோடு வந்து, "இது உங்கட வேலையை லேசாக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த வசனத்தைக் கேட்டதும் நீங்களும் உங்கள் கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தால் நாமெல்லாம் ஒரே கூட்டம். என் கதையைக் கேளுங்கள்.

என்னை நேயர்களுக்கு வாசுகி என்று தெரியும். வீடு வெள்ளவத்தையில். கொழும்பில் ஒரு தனியார் தமிழ் வானொலியில் காலைச் செய்தி வாசிக்கிறேன். எங்கள் கலையகத்தில் கணினி, கம்பி, ஒலிவாங்கி எல்லாவற்றுக்கும் பொறுப்பு ரிஸ்வான். வெளியிலிருந்து நேரடிச் செய்தி தருபவர் அன்ரன் அண்ணை, கொட்டாஞ்சேனைக்காரர். எல்லாருக்கும் மேலே எங்கள் பணிப்பாளர். அவரைப் பணிப்பாளர் என்றே சொல்லிவிடுகிறேன். வேலை இன்னும் அங்கேதான்.

சிரிப்பு ஒன்று, பெருமூச்சு ஒன்று

செய்தி வாசிக்கும் மென்பொருள் ஒன்று வாங்கியாகிவிட்டது, அதற்கு ஒரு குரல் வேண்டும் என்றார் பணிப்பாளர். முதலில் அன்ரன் அண்ணையைக் கேட்டார்கள். "என்ரை தொண்டையை நான் வாடகைக்கு விடுறேல்லை" என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அன்று பின்னேரமே பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, ஒத்துழைக்கிற ஆட்களைத்தான் கொம்பனி இனி நினைவில் வைத்திருக்கும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். வகுப்பில் படிக்கிறாள். நான் ஓம் என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிஸ்வான். இந்தப் பக்கம் நான். "வவுனியாவில் வாழைப்பழம் வழுக்கியது" என்பது போன்ற, யாரும் யாரிடமும் சொல்லாத வசனங்களை நாட்கணக்கில் வாசித்தேன். சந்தோஷமாக வாசி, கவலையாக வாசி, பயத்தோடு வாசி. ஒரு சிரிப்பு, ஒரு பெருமூச்சு. எல்லாம் முடிந்த பிறகு ரிஸ்வான் ஒரு பொத்தானை அமத்தினார். நான் வாழ்க்கையில் வாசித்தே இராத ஒரு வானிலை அறிக்கையை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். மட்டக்களப்பு என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒரு சின்ன மூச்சு எடுப்பேனாம். எனக்கே தெரியாது. அதற்குத் தெரிந்திருந்தது. கை மயிர் குத்திட்டு நின்றது.

ரிஸ்வான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கும் முகம் சரியில்லை. "மிஸ், இனி நீங்க லீவு போட்டாலும் உங்கட குரல் லீவு போடாது" என்றார்.

பாதியில் நின்ற தீர்ப்பு

முன்பெல்லாம் வெளியிலிருந்து நேரடியாக ஒலிபரப்ப வேண்டுமென்றால் ஒரு வான், ஒரு சாரதி, கம்பிச் சுருள், இரண்டு ஆட்கள் வேண்டும். இப்போது ஒரு போன் போதும். வானையும் விற்றுவிட்டார்கள். அப்படித்தான் அன்ரன் அண்ணை ஒரு போனோடு மட்டும் புதுக்கடை நீதிமன்ற வாசலில் நின்றார். கொச்சிக்கடையைச் சேர்ந்த ஒரு பொடியன், துறைமுகப் பக்கம் களஞ்சியத்தில் வேலை செய்தவன், களவுக் கேஸில் எதிரியாகப் பிடிபட்டு நீண்டகாலம் உள்ளே இருந்தான். அன்றைக்குத் தீர்ப்பு. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை முழுக்க அந்தக் கேஸைப் பற்றித்தான் கதை.

அன்ரன் அண்ணை ஓடிவந்து மூச்சு வாங்க ஆரம்பித்தார். "நேயர்களே, சற்று முன்னர் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. அதன்படி எதிரி குற்றவாளி..." அவ்வளவுதான். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. தமிழில் ஆளைக் காப்பாற்றுகிற சொல் கடைசியில்தானே வரும்? அந்தச் சொல் வருமா, வராதா என்று எனக்குத் தெரியாது. குற்றவாளி என முடிந்ததா, குற்றவாளி இல்லையென முடிந்ததா? "தொடர்பில் சிறிய தடங்கல்" என்று நான் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? பாட்டுப் போடவும் மனமில்லை. ரிஸ்வான் திரும்பத் திரும்ப இலக்கத்தை அழுத்துகிறார், வட்டம் சுற்றுகிறது. மற்ற எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. கடைசியில் அன்ரன் அண்ணை பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்து, அங்கே காசாளர் மேசையிலிருந்த கம்பித் தொலைபேசியைப் பறித்து, "இல்லை! குற்றவாளி இல்லை! விடுதலை!" என்று கத்தினார். பின்னால் கொத்துரொட்டி கொத்தும் சத்தமும் சேர்ந்தே ஒலிபரப்பானது.

இடையில் அந்தப் பொடியனின் தாய் வீட்டில் வானொலிக்கு முன்னால் விழுந்துவிட்டா. பக்கத்து வீட்டார் முகத்தில் தண்ணி தெளித்துக்கொண்டிருக்கும்போதுதான் "இல்லை" வந்திருக்கிறது. மறுநாள் அந்த அம்மாவே கலையகத்துக்கு அழைப்பு எடுத்தா. ஏசப்போகிறா என்று நான் கதிரையின் விளிம்பில் இருந்தேன். அவ சொன்னது இதுதான்: "பிள்ள, அந்த ஐயாகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ மொதல்ல 'இல்ல'ன்னு சொல்லிட்டு, மிச்சத்த ஆறுதலா சொல்லட்டும்."

காலமானவர் வாசலில் நிற்கிறார்

எங்கள் சனத்துக்கு மரண அறிவித்தல் வானொலியில் வராவிட்டால் ஆள் செத்தது செத்ததாகவே இராது. முன்பு குடும்பத்தார் நேரில் வந்து எழுதித் தருவார்கள், நாங்கள் ஒவ்வொரு பெயரையும் திருப்பிக் கேட்டுத்தான் வாசிப்போம். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் போதும். மென்பொருள் படத்தைப் பார்த்து எழுதும். என் குரல் வாசிக்கும். நான் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள், கனகசபை என்பவரின் தாயார் காலமான அறிவித்தல் வந்தது. கீழே "தகவல்: மகன் கனகசபை" என்று போட்டிருந்தார்கள். இயந்திரம் எந்த வரியை எங்கே பொருத்தியதோ, காலமானவர் கனகசபை ஆகிவிட்டார். கவலைக் குரலில், சரியான இடத்தில் பெருமூச்சும் விட்டு, உயிரோடிருக்கிற மனிசனைச் சாகடித்தாயிற்று. எங்கள் ஒலிபரப்பு இணையத்திலும் போகிறது. ரொறன்ரோவில் அவருடைய தங்கை கேட்டுவிட்டுக் குளறி அழுதிருக்கிறா. வத்தளையில் மருமகன்மார் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார்கள்.

நான் கலையகத்துக்கு வந்தபோது வரவேற்பறையில் ஒரே சத்தம். மருமகன்மார் இரண்டு பேர் மேசையில் அடித்து, "ஆர் அந்த வாசுகி? வரச்சொல்லு வெளியில!" என்று நின்றார்கள். பாதுகாப்பு உத்தியோகத்தர் என்னை உள்ளே போகச் சொல்லிக் கண் காட்டினார். ஆனால் வாயைத் திறந்து காலை வணக்கம் சொன்ன உடனேயே அகப்பட்டுவிட்டேன். குரல் அடையாள அட்டை மாதிரி. ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார். நான் சுவரோடு ஒட்டிவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து, சவரம் செய்யாத முகமும் கசங்கிய வெள்ளைச் சேட்டுமாக ஒருவர் எழும்பி வந்து அந்தக் கையைப் பிடித்தார். அவர்தான் காலமானவர்.

"விடடா. பிள்ளை வேணுமெண்டே செய்தது?" என்றார். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். வாசித்தது நானில்லை என்று சொல்ல வாய் வந்தது. அந்தக் குரலிலேயே அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் மருமகன்மாரை இருக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயோரம் ஏதோ ஒரு சிரிப்பு. "அம்மாவைப் பாக்கச் சனம் வருமோ எண்டு பயந்துகொண்டிருந்தனான், பிள்ளை. இப்ப மலர்ச்சாலையில அம்மாவின்ரை பெட்டிக்குக் கிட்ட நிக்க இடமில்லை. எல்லாம் என்னைப் பாக்க வந்த சனம்."

ஏழுமணிக்கு முந்திய செய்தி

சில நாட்களாக மழை விடவில்லை. களனி ஆறு நிரம்பி ஓடியது. அன்று காலை ஏழுமணிச் செய்தி வாசிக்கப் போக நான் வெள்ளவத்தையில் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பெண் தன் போனில் ஏதோ குரல் பதிவைக் கேட்டுக்கொண்டு நின்றா. என் குரல். "அவசர அறிவித்தல். மேலே அணைக்கட்டு உடைந்துவிட்டது. வத்தளை, கொட்டாஞ்சேனை மக்கள் உடனே வெளியேறவும். தண்ணீர் சற்று நேரத்தில் வந்துவிடும்." அப்படி ஒன்றை நான் வாசிக்கவேயில்லை. எங்கள் இயந்திரமும் வாசிக்கவில்லை என்று பிறகு ரிஸ்வான் பார்த்துச் சொன்னார். வானொலியில் கிடந்த என் குரலை எடுத்து எவரோ, எங்கேயோ இருந்து செய்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணிடம், "தங்கச்சி, அது பொய். அது என்ரை குரல், ஆனா நான் சொல்லேல்லை" என்றேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளிப்போய் நின்றா. நான் ஓட்டோ ஒன்றை மறித்து ஏறினேன். போகிற வழியெல்லாம் அன்ரன் அண்ணையின் அழைப்பு. கொட்டாஞ்சேனையில் கடைகள் பூட்டுகிறார்களாம். வத்தளைப் பக்கமிருந்து சனம் பாலத்துக்கு மேலால் நகருக்குள் வருகிறதாம். ஒரு குடும்பம் தகப்பனைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வருகிறதாம்.

கலையகத்தில் பணிப்பாளர் ஏற்கெனவே மறுப்பு அறிக்கை எழுதி வைத்திருந்தார். "பரவும் செய்தி முற்றிலும் பொய். மக்கள் வீடுகளுக்குத் திரும்பவும்." இயந்திரம் அதை இடைவிடாமல் வாசிக்கட்டும் என்றார். நான் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அணைக்கட்டு உடையவில்லைதான். ஆனால் ஆறு உண்மையிலேயே ஏறிக்கொண்டிருந்தது. கரையோர வீட்டுக்காரர் விலக வேண்டுமென்று அரச அறிவித்தலும் மேசையில் கிடந்தது. வீட்டுக்குப் போங்கள் என்று என் குரல் சொன்னால், போகக்கூடாத வீட்டுக்கும் போவார்கள். "சேர், இதை வாசிக்க ஏலாது. அணை உடையேல்லை, ஆனா கரையில இருக்கிற ஆக்கள் திரும்பிப் போகக்கூடாது எண்டு ரெண்டையும் சொல்லவேணும்" என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் பதிலுக்குக் காத்திராமல் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து இரண்டையும் சொன்னேன். பிறகு அழைப்புகளைத் திறந்தேன். முதல் அழைப்பு ஒரு வயதான ஆண் குரல்: "காலமை போகச் சொன்னதும் நீ. இப்ப நில்லெண்டு சொல்றதும் நீ. நீ ஆளோ, மிசினோ?"

பாலத்தில்

அந்தக் கேள்விக்குக் கலையகத்துக்குள் இருந்து பதில் சொல்ல முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒலிவாங்கியை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு ரிஸ்வானோடு மோட்டார் சைக்கிளில் களனிப் பாலத்துக்குப் போனேன். மழை முகத்தில் அடித்தது. பாலத்தில் கால் வைக்க இடமில்லை. பைகள், பாய்கள், ஒரு தையல் மெஷின், தோளில் குழந்தைகள். ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கீழே ஆறு பழுப்பாக, மரக்கொப்புகளை இழுத்துக்கொண்டு ஓடியது. யாராவது ஒருவர் சறுக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ரிஸ்வான் போனைத் தூக்கிப் பிடித்தார். வானொலியிலும் முகநூலிலும் ஒரே நேரத்தில் நேரடி. நான் கத்தினேன். "நான் வாசுகி. பாலத்தில நிக்கிறன். ஆறு இங்கதான் ஓடுது, பாருங்கோ. அணை உடையேல்லை. ஓடாதேங்கோ, தள்ளாதேங்கோ. கரையோர ஆக்கள் மட்டும் திரும்பிப் போகாமல் பள்ளிக்கூடங்களுக்கு, கோயில்களுக்குப் போங்கோ." ரிஸ்வான் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்தார். கீழே வந்து விழுந்த கருத்துகளில் முக்கால்வாசி ஒன்றுதான்: இந்த வீடியோவும் மிசினில் செய்ததுதான்.

இனி நான் என்னத்தைச் சொன்னாலும் என் குரலிலேதானே சொல்ல வேண்டும்? அந்த நேரத்தில்தான் தகப்பனைக் கதிரையோடு தூக்கி வந்த குடும்பம் எங்களுக்கு அருகில் வந்தது. இரண்டு மகன்மார் முன்னும் பின்னும். பக்கத்தில் குடை பிடித்தபடி மருமகள். கிழவருக்குக் குளிரில் தாடை அடித்தது. மருமகள் நின்றுவிட்டா. என்னைப் பார்த்தா, போனைப் பார்த்தா, மீண்டும் என்னைப் பார்த்தா. குடையைக் கிழவரின் கையில் கொடுத்தா. கிட்ட வந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல், என் கையில் நறுக்கென்று கிள்ளினா. நான் "ஆ!" என்று கத்திவிட்டேன்.

அவ கதிரையை இறக்கச் சொன்னா. பின்னால் வந்த கூட்டமும் கதிரையைச் சுற்றி நின்றது. தள்ளல் மெல்ல மெல்ல அடங்கியது. ஒருவர் கைநீட்டி என் நனைந்த தோளைத் தொட்டுப் பார்த்தார், இன்னொருவர் குடையை என் பக்கம் சரித்தார். கிழவரை ரிஸ்வான் ஒரு ஓட்டோவில் ஏற்றி, மகன்மாரோடு கோயில் மண்டபத்துக்கு அனுப்பினார். அவர்கள் வீடு கரையோரம். அன்று பின்னேரம் அதற்குள் இடுப்பளவு தண்ணி என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அந்தக் காலையில் பாலத்துச் சனத்தை நம்பவைத்தது என் செய்தியல்ல, ரிஸ்வானின் போனைத் தன் வாய்க்குக் கிட்ட இழுத்து அந்த மருமகள் சொன்னதுதான்: "உண்மையான ஆள்தான்! நான் கிள்ளிப் பாத்தன், நோகுதாம்!"

எழுத முடியாத வாக்குமூலம்

அடுத்த நாள் பொலிஸிலிருந்து அழைப்பு. வாக்குமூலம் ஒன்றுதான், பயப்பட வேண்டாம் என்றார் பணிப்பாளர்; ஆனால் அவர் வரவில்லை. நானும் கணவரும் போனோம். தமிழ்க் குரலில் வந்த ஒரு பதற்றச் செய்தி, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியாக நான். சுவரோரம் கிடந்த வாங்கில் இருவரும் நெருக்கி இருந்தோம். கணவர் என் அடையாள அட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

உத்தியோகத்தர் வயதில் இளையவர், மரியாதையானவர். பதிவைப் போட்டுவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: இது உங்கள் குரலா? இல்லை என்று சொல்லத்தான் போனேன். ஆனால் கேட்கக் கேட்க, மூச்சு என்னுடையது, "தண்ணீர்" என்பதில் வரும் அழுத்தம் என்னுடையது. இல்லை என்றால் பொய். ஓம் என்றால் நான் குற்றவாளி. "குரல் என்னுடையது, பேச்சு என்னுடையதல்ல" என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனையை எடுத்தார், வைத்தார். திரும்பப் பதிவைக் கேட்டார். தலையைச் சொறிந்தார். இரவல் வாங்கிய குரலுக்கு என்ன சட்டம் என்று அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கடைசியில் எங்களைப் போகச் சொல்லிவிட்டார். அதைச் செய்தவர்களை இன்றுவரை பிடிக்கவில்லை. நாங்கள் கதவுக்குப் போகும்வரை அவர் வெற்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களையா, தன்னையா கேட்டார் என்று தெரியவில்லை: "எஹெனங் மம மொனவத லியன்னே?" அப்படியென்றால் நான் என்னத்தை எழுதுவது?

பேச்சுவார்த்தை

வெள்ளம் வடிந்த பிறகு பணிப்பாளர் ஒரு கூட்டம் வைத்தார். மேசைக்கு மேலே பட்டிஸ், பால் தேத்தண்ணி எல்லாம் இருந்ததால் ஏதோ மறைக்கிறார் என்று விளங்கியது. இயந்திரத்தை நிறுத்த முடியாது, மேலிடம் விடாது என்றார். அன்ரன் அண்ணை மேசையில் கையை வைத்து, "அப்ப மரண அறிவித்தலையும் அனர்த்தச் செய்தியையும் மனிசர் வாசிக்கட்டும். இயந்திரம் வாசிக்கிற ஒவ்வொண்டுக்கும் முன்னால, இது இயந்திரம் எண்டு சொல்லட்டும்" என்றார். நானும் சேர்ந்து நின்றேன். இல்லாவிட்டால் என் குரலைத் திருப்பித் தாருங்கள், நான் போகிறேன் என்றேன். போனால் வேறு வானொலியில் எடுப்பார்களோ தெரியாது. அங்கேயும் ஒரு மடிக்கணினி இருக்குமே.

பணிப்பாளர் பட்டிஸ் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். பிறகு சம்மதித்தார். இப்போது நாணய மாற்று விகிதமும் வானிலையும் மட்டும் இயந்திரத்தின் கையில். கூட்டம் முடிந்து எல்லாரும் எழும்பும்போது ரிஸ்வானிடம், நம்மிடமுள்ள என் குரலை ஒரு நாள் அடியோடு அழித்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த பட்டிஸைக் கீழே வைத்தார். "இங்க இருக்கிறத இப்பவே அழிக்கலாம் மிஸ். வெளிய போனத எந்தக் கதவில தட்டிக் கேக்கிறது?"

ஆக, புதிய தொழில்நுட்பம் என் தொண்டையைத் தாராளமாக எடுத்துக்கொண்டுவிட்டது, அதற்கு வருகிற ஏச்சைக் கேட்கிற காதுகளை மட்டும் என்னிடமே பத்திரமாக விட்டுவைத்திருக்கிறது.